தைத்தவர் பெயர்

சித்திரைத் தேருக்கு முந்தைய நாட்களில் ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதிக்குப் போனால் தேருக்குத் துணி கட்டுவதைப் பார்க்கலாம். அடியில் இருப்பது மரம். யாளியும் குதிரையும் தெய்வ உருவங்களுமாகச் செதுக்கிய பழைய மரம். அதற்கு மேலே கோபுரம்போல் எழும்பி நிற்பது முழுக்கக் கம்பும் கயிறும் துணியும்தான். திருவிழா முடிந்ததும் அந்த மேல்பாகம் பிரிக்கப்பட்டுவிடும். விருப்பன் திருநாள் என்று பேர்பெற்ற இந்த உற்சவத்துக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வரும் பெருங்கூட்டத்தின் கண் பெருமாள் மேலும் வடத்தின் மேலும் இருக்கும். துணியைப் பார்ப்பவர்கள் குறைவு.

தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்கி அசையும் தொம்பைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். உள்ளே வளையம் கொடுத்து விறைப்பாக்கிய துணிக்குழாய் அது. சிவப்புத் துணிதான் தரை. அதன்மேல் வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துணிகளில் தாமரையும் கிளியும் யாளிமுகமும் வெட்டி வைத்துத் தைத்திருக்கும். வெட்டிய ஓரம் பிரியாமலிருக்க விளிம்பை உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள். சில இடங்களில் விளிம்பை ஒட்டிக் கயிறு வைத்து உருவத்தைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். கீழே வெகுதூரத்தில் நிற்பவர் கண்ணுக்கும் எடுபட வேண்டும் என்பதால், நுணுக்கத்தைக் குறைத்து நிறத்தையும் வெளிக்கோட்டையும் நம்பிச் செய்த வேலை. தஞ்சாவூரும் கும்பகோணமும் இதற்குப் பேர்போன ஊர்கள். தேர்ச்சீலை, மேற்கட்டி, குடை, தோரணம் எல்லாமே இந்த ஒட்டுத்தையல் வகையைச் சேர்ந்தவை. இப்போது வெல்வெட்டும் ஜிகினாவும் கலந்துவிட்டன. ஆனால் வெட்டுவதும் மடிப்பதும் தைப்பதும் மாறவில்லை.

பல கோயில்களில் இந்தத் துணிகளின் அடியோரத்தில் எழுத்தும் இருக்கும்: உபயம், இன்னார், இன்ன ஊர். கொடுத்தவரின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக வெட்டி, மடித்து, தைத்து வைத்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் பெயர் அந்தத் துணியில் கிடையாது.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, நகரைக் குறுக்காகக் கடந்து தெற்கே வந்தால் திருச்சி கே.கே. நகர். இங்கே தையல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ‘ரவிக்கை, சுடிதார் தைத்துத் தரப்படும்’, ‘ஃபால்ஸ் அடித்துத் தரப்படும்’ என்று வாசலில் அட்டை தொங்காத தெரு அரிது. தையற்கடைகளின் மூலையில் வெட்டுத்துணி சாக்குமூட்டையாகக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டதால் பகல் முழுதும் தனியாக இருக்கும் பெண்கள், தையல் வகுப்பு முடித்துவிட்டுத் திருமணத்தோடு இயந்திரத்தை மூடிவைத்தவர்கள் என்று கைகளுக்கும் குறைவில்லை. இத்தனையும் இருக்கிற இடத்தில், பெண்கள் மாதம் ஒருமுறை கூடி ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற சங்கம் ஒன்று அமைந்தால் அது எதைச் செய்ய வேண்டும்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தைக்கக் கற்றுக்கொடுப்பதை அது இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் அது செய்ய வேண்டியது, ஏற்கெனவே தைக்கப்பட்டவற்றையும் தைத்தவர்களையும் பதிவு செய்வது.

குவில்ட் என்று உலகம் சொல்வது மூன்றடுக்குத் துணி. மேலே சிறு துண்டுகளை இணைத்த துணி. நடுவில் பஞ்சோ கம்பளியோ. அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது நூலோட்டம். குளிர் நாடுகளில் இது படுக்கையறைச் சாமான். தைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரே சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து முடித்துக்கொடுக்கும் வழக்கம் அமெரிக்கக் கிராமங்களில் வேரூன்றியது. பின்னாளில் அதுவே சங்கமானது. பிரிட்டனில் அப்படியொரு தேசிய அளவிலான குவில்ட் சங்கம் 1979-இல் தொடங்கியது. இத்தகைய சங்கங்களின் வேலைமுறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். மாதக் கூட்டத்தில் அவரவர் தைத்ததைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார்கள். துணி மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் தொடங்கிய துண்டை வரிசையாகப் பலர் வளர்த்துக்கொண்டே போவார்கள். மருத்துவமனைக் குழந்தைகளுக்கும் பேரிடரில் வீடிழந்தவர்களுக்கும் சேர்ந்து தைத்து அனுப்புவார்கள். ஆண்டுக்கொரு கண்காட்சி இருக்கும். வெளியூர் ஆசிரியரை அழைத்து இரண்டு நாள் பயிற்சியும் நடக்கும்.

தமிழ்நாட்டிலும் இது நடந்திருக்கிறது. சென்னையில் டீனா கட்வால் தொடங்கிய ‘தி ஸ்கொயர் இஞ்ச்’ தையற்கூடம் பலருக்கு இந்தக் கலையின் முதல் வகுப்பறை. அவரும் நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய குவில்ட் இந்தியா அறக்கட்டளை 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியக் குவில்ட் திருவிழாவை நடத்தியது. வீட்டு அறைகளில் தனித்தனியாகத் தைத்துக்கொண்டிருந்த பெண்களின் வேலை பொதுவில் விரிந்த சந்தர்ப்பம் அது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நகரத்துப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது அமெரிக்க முறை. நட்சத்திரம், மரக்கட்டை வீடு முதலிய அவர்களுடைய வடிவங்கள். அவர்களுடைய அச்சுத் துணி. நடுவில் வைக்க இறக்குமதிப் பஞ்சுத் தகடு. நாம் ஒட்டுத்தையலே அறியாத ஊர்க்காரர்கள்போல அங்கே போய் உட்கார்கிறோம். அதற்குக் காரணம் நம்மிடம் அது இல்லாததல்ல. இருந்ததை யாரும் எடுத்து வைக்கவில்லை.

ஏன் எடுத்து வைக்கவில்லை என்பதற்கு நம் இலக்கியத்திலேயே துப்பு இருக்கிறது. கரிகால் வளவனைப் பாடும் பொருநராற்றுப்படையில், பரிசில் தேடி வரும் பொருநன் உடுத்தியிருப்பது வேறு வேறு நூல் நுழைந்த தையல்கள் நிறைந்த கந்தல். மன்னன் அதைக் களையச் செய்து, இழை போன வழி தெரியாத, பாம்பின் சட்டை போன்ற மெல்லிய ஆடையைத் தருகிறான். ஒட்டுப்போட்ட துணி வறுமைக்கு அடையாளம், தையல் தெரியாத நேர்த்தி செல்வத்துக்கு அடையாளம் என்ற கணக்கு அப்போதே உறுதியாகிவிட்டது. சோழர் தலைநகராக விளங்கிய உறையூர் மெல்லிய துணிக்குப் பேர்போனது. முதல் நூற்றாண்டு கிரேக்க நூலான பெரிப்ளூஸ் ‘அர்காரு’ என்ற ஊரின் துணியைக் குறிப்பிடுகிறது. அது உறையூர்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இப்படிக் குறை சொல்ல முடியாத நெசவை வைத்திருந்த ஊர், கிழிந்ததைத் தைத்த கையை நினைவில் வைத்திருக்க நியாயமில்லை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று பழமொழி உண்டு. கந்தையை நன்றாகத் தை என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

ஆனால் வீடுகளில் அந்த வேலை நடந்தபடியே இருந்தது. பிரசவத்துக்கு முன்னால் பழைய நூல் புடவைகளை எடுத்து, சலவை செய்து, இரண்டு மூன்று மடிப்பாக அடுக்கி, நாலு ஓரமும் நடுவில் சில வரியும் நூலோட்டம் போட்டுக் குழந்தைக்கு விரிப்பு தயார் செய்வார்கள். புதுத்துணி பிள்ளையின் தோலுக்கு ஆகாது. பலமுறை துவைத்து மெத்தென்றான துணிதான் ஆகும் என்பது அனுபவ அறிவு. பெரியவர்களின் படுக்கைக்கும் புடவை அடுக்கி விரிப்புத் தைத்தார்கள். அது நைந்தால் இன்னொரு புடவை அதன்மேல் ஏறும். அதுவும் நைந்தால் அடுப்படித் துணி, பிறகு தரை துடைக்கும் துணி. மிச்சமில்லாமல் தீர்ந்துபோவதுதான் அந்தத் துணியின் நல்ல முடிவு என்று கருதிய சமூகத்தில் அருங்காட்சியகத்துக்கு எதுவும் மிஞ்சாது.

வங்காளத்திலும் நிலைமை இதேதான். காந்தா என்பதும் பழம்புடவை அடுக்கித் தைத்த விரிப்புதான். அதற்கான வண்ண நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். அங்கே குருசதய் தத் (1882–1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, மாவட்டம் மாவட்டமாக வேலைபார்த்த காலத்தில் கிராமத்து வீடுகளிலிருந்து காந்தாக்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். கொல்கத்தா ஜோக்காவில் அவர் பெயரால் உள்ள அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1939-இல் காந்தாவைப் பற்றி எழுதினார். எடுத்து வைக்க ஒருவரும் எழுத ஒருவரும் இருந்ததால், ‘பழந்துணி’ ஒரு தலைமுறைக்குள் ‘கலை’ ஆனது.

தத் சேர்த்தவற்றில் பேர்பெற்றது மானதாசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா. பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மனிதர்களும் விலங்குகளும் சிப்பாய்களும் நிறைந்த அந்தத் துணியில், தன் தந்தைக்காகத் தன் கையால் தைத்தது என்பதையும் தன் பெயரையும் அவர் நூலாலேயே எழுதிவைத்திருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் குறைவான காலத்தில், ஊசியைப் பேனாவாகப் பிடித்து இட்ட கையெழுத்து அது. அந்த ஒரு வரி இருப்பதால்தான் இன்று அவரை ஒரு கலைஞராகப் பேச முடிகிறது. பெயர் இல்லாத மற்றவை எல்லாம் ‘வங்காளக் கிராமத்துப் பெண்கள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் போய்விட்டன.

நமக்குப் பக்கத்திலேயே, செய்முறையில் நாம் பாடம் கேட்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். கோவாவின் போர்த்துக்கீசியரிடம் அடிமைகளாக இருந்து தப்பிக் காட்டுக்குள் வந்தவர்களின் சந்ததியினரும் அவர்களில் உண்டு. அந்தப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம்: முன்கூட்டி வரைபடம் கிடையாது, சட்டம் கிடையாது, அளந்து வெட்டிய சதுரங்கள் கிடையாது. அடித்துணியாக ஒரு பழம்புடவையை விரித்து, ஒரு மூலையில் தொடங்குவார்கள். ஒரு துண்டை வைத்து ஓரத்தை மடக்கி நூலோட்டம். அதையொட்டி அடுத்த துண்டு. இப்படி நான்கு விளிம்பையும் சுற்றிவந்து, உள்வட்டம், அதற்கும் உள்வட்டம் என்று நடுவை நோக்கிப் போவார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. கடைசியில் நான்கு மூலையிலும் துணியை மடித்து ‘பூ’ வைப்பார்கள். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு முடியாத போர்வை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ட்ரூவல் இந்தப் பெண்களோடு பல ஆண்டுகள் பழகி எழுதியும் கண்காட்சி வைத்தும் இதை வெளியுலகுக்குக் காட்டினார். 2004-இல் அவர்களுக்கென ஒரு தையல் கூட்டுறவும் அமைந்தது.

கவந்தி திருச்சிக்குப் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணம் வெயில். மே மாதத்தில் 40 டிகிரி தொடும் ஊரில் பஞ்சுத் தகடு வைத்த போர்வையை யார் போர்த்துவார்கள்? பழம்புடவை இரண்டு அடுக்கு, நடுவில் தேவையானால் ஒரு பழைய எட்டு முழ வேட்டி. இங்கே அது போதும். கவந்தியும் காந்தாவும் இந்த மெல்லிய அடுக்கிலேயே நிற்கின்றன; பஞ்சு இல்லாததால் அவற்றைக் குவில்ட் இல்லை என்று யாரும் தள்ளிவிடவில்லை.

தமிழ்நாட்டில் பெண்களின் தையல் அமைப்பாகத் திரண்டிருப்பது வேறொரு வழியில். சமூக நலத்துறையின் கீழ் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைப்பவர்கள் இந்தச் சங்கத்துப் பெண்கள்தான். 2012–13 கல்வியாண்டிலிருந்து சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 4 இணைச் சீருடை என்று ஆனது. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரம் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த ஏற்பாடுகள் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரியக் காரணமாக இருந்தவை. விதவைகளுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் ஊன்றுகோலாக நின்றவை. அவற்றை நான் மிகுந்த மரியாதையோடுதான் குறிப்பிடுகிறேன். ஆனாலும் அங்கே துணி வெட்டுப்பட்டு வருகிறது, தைக்கப்பட்டுத் திரும்பிப் போகிறது, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. என்ன நிறம், எந்த அளவு, எதன் பக்கத்தில் எது என்பதில் தைப்பவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வில்காக்ஸ் மாவட்டத்தில் ஆற்று வளைவுக்குள் இருக்கிறது ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் ஊர். வாக்குரிமைப் போராட்டக் காலத்தில் வாக்காளராகப் பதிந்ததற்காகவே அந்தப் பகுதியில் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தார்கள். அந்தச் சூழலில் 1966-இல் அங்குள்ள பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைகளைப் பார்த்த ஃபிரான்சிஸ் வால்ட்டர் என்ற பாதிரியார் நியூயார்க்கில் விற்பனைக்கு வழி செய்தார். 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரக் கேட்டது. ஒன்றுபோல் ஒன்று, அளவு பிசகக் கூடாது. கூலி வந்தது. கூடவே, வெட்டிப்போட்ட கார்டுராய் துண்டுகளும் வந்தன. பெண்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்கள் கட்டிலுக்குத் தங்கள் இஷ்டப்படி போர்வை தைத்தார்கள்.

2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரேறியவற்றில் அந்தக் கழிவுத்துணிப் போர்வைகளும் இருந்தன. 2006-இல் ஜீஸ் பெண்ட் போர்வைகள் அமெரிக்க அஞ்சல்தலைகளாயின. சியர்ஸுக்குத் தைத்த உறைகளை யாரும் சுவரில் மாட்டவில்லை. தைத்த கைகள் அவையேதான். துணியும் அதே துணிதான். யாருடைய கண்ணுக்குப் பிடித்தபடி தைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு. அதோடு கதை முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகழ் வந்தபின், தங்களுக்குச் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்று சில பெண்கள் 2007-இல் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அது தீர்வுக்கு வந்தது. வடிவம் யாருக்குச் சொந்தம், படம் எடுக்க யார் அனுமதி தர வேண்டும் என்பதைப் பதிவு தொடங்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்ற பாடம் நமக்கு அதிலிருந்து கிடைக்கிறது.

கூலிக்கும் சொந்தக் கண்ணுக்கும் இடையில் பாலம் போட்ட முயற்சிகள் தமிழ்நாட்டில் உண்டு. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கி பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிகளின் பூத்தையலை ஏறக்குறைய மறந்திருந்தார்கள். டாக்டர் லலிதா ரெஜியும் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அங்கே தொடங்கிய பழங்குடி நலவாழ்வு இயக்கத்தின் துணையோடு, தையல் இன்னும் கையில் நின்ற வயதான பெண்களிடமிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டது. 2006-இல் தொடங்கிய அந்த அமைப்புக்குப் ‘பொற்கை’ என்று பெயர். அவர்கள் பேச்சில் அதற்குப் பெருமை என்று பொருள். ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் ‘உபாசனா’ கூடம், 2004 சுனாமிக்குப் பின் மீனவப் பெண்களுக்கு வெட்டுத்துணியால் ‘சுனாமிகா’ என்ற சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பொம்மைக்கு விலை வைப்பதில்லை, அன்பளிப்பாகவே கைமாறுகிறது. அதிர்ச்சியில் உறைந்திருந்த பெண்கள் ஒன்றாக உட்கார்ந்ததும் கை வேலையில் இறங்கியதும்தான் அங்கே நடந்த பெரிய மருத்துவம்.

இனி கே.கே. நகருக்கு வருகிறேன். துணிப் பரிமாற்றம் என்று மேல்நாட்டுச் சங்கங்கள் தனியாக நாள் குறித்து நடத்துவது இங்கே காலங்காலமாக நடக்கிறது. நவராத்திரிக்கு ஒரு வீட்டுக்குப் போனால் வெற்றிலைபாக்கோடு ரவிக்கைத் துணி. வரலட்சுமி நோன்புக்கு இன்னொன்று. வளைகாப்பு, சுமங்கலிப் பிரார்த்தனை, கிரகப்பிரவேசம் எதற்கும் அதுவே. வாங்கியது பீரோவின் மேல்தட்டில் ஏறி, அடுத்த விசேஷத்தில் இன்னொருவர் தாம்பூலத்தில் இறங்கும். தைக்கப்படாமலே பல வீடு சுற்றிய துணிகள் உண்டு. இன்ன துணி இன்னார் கொடுத்தது என்று பெண்கள் நினைவில் வைத்திருக்கவும் செய்வார்கள். ஒட்டுத்துணிப் போர்வைக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் எது? ஒரு தெருவின் பத்து வருட உறவுமுறையை ஒரே போர்வையில் தைத்துவிடலாம். அதிலும் 2×2 ரூபியா என்று கேட்டு வாங்குகிற ரவிக்கைத் துணி நல்ல பருத்தி; கத்திரிக்கு அடங்கும், மடித்தால் மடிப்பு நிற்கும். மேட்சிங் சென்டர்களில் அது கிடைக்காத நிறமில்லை.

ஆனால் இலவசமாகச் சுற்றிவரும் ரவிக்கைத் துணிகளில் பாலியெஸ்டர் கலந்தவை நிறைய. பருத்தியையும் பாலியெஸ்டரையும் பக்கம் பக்கமாகத் தைத்தால் துவைத்ததும் பருத்தி சுருங்கும், மற்றது சுருங்காது. போர்வை சுருக்கம் விழுந்து கோணும். ஆகவே பயிற்சியின் முதல் மணி நேரத்தை ஊசிக்கு முன்னால் தீக்குச்சிக்குத் தர வேண்டும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினால் பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறினதும் கறுத்த மணியாக விரலில் உருளும். கலப்புத் துணியில் சாம்பலும் இருக்கும், அதற்குள் கடினமான பொடி மணியும் தட்டுப்படும். அடுத்து, சாயம். சிவப்பு, கருநீலம், மெரூன் துண்டுகளைத் தனித்தனியாக நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டே சேர்க்க வேண்டும்.

நம் தையற்காரர்களுக்குப் புதிதாகப் படும் ஒன்று உள்துணி. ரவிக்கையோ சட்டையோ தைக்கும்போது உள்ளே தாராளமாகத் துணி விடச்சொல்லி நாமே கேட்போம். பிற்பாடு பிரித்துப் பெரிதாக்கலாம் என்ற யோசனை. ஒட்டுத்துணிச் சதுரங்களுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான் உள்ளே போகலாம். ஒரு வரிசையில் 12 சதுரம் என்றால் 11 இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கமும் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் வரிசை 22 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அடுத்த வரிசையைத் தைப்பவர் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேராது. பல கைகள் சேர்ந்து தைக்கிற சங்கத்தில் சண்டை வரக்கூடிய இடம் இது. அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கவந்தி முறையை முதலில் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். அதில் அளவு பிசகுவது பிழையே அல்ல. அடுத்த துண்டு அதை ஏற்றுக்கொள்ளும்.

பதிவு வேலைக்கு முன்மாதிரி அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். 1981-இல் அங்கே சிலர், பழைய போர்வைகள் பழம்பொருள் வியாபாரிகள் கையில் மாநிலத்தை விட்டே போய்க்கொண்டிருப்பதைக் கண்டு, ஊர் ஊராக ‘போர்வை நாள்’ நடத்தினார்கள். உங்கள் வீட்டுப் பழைய போர்வையை எடுத்துவாருங்கள், படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம் என்பதுதான் அழைப்பு. விலைக்குக் கேட்கவில்லை, வாங்கவும் இல்லை. அளவு, வடிவம், தைத்தவர் யார், எப்போது, யாருக்காக என்று எழுதிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மற்ற மாநிலங்களும் தொடங்கின. அமெரிக்கப் பெண்களின் வரலாற்றுக்கு அது ஒரு புது ஆவணக்கிடங்கைத் திறந்துவிட்டது.

கே.கே. நகரில் அப்படியொரு நாள் நடத்தினால் என்னவெல்லாம் வரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். குழந்தை விரிப்புகள் ஒருசில தப்பியிருக்கலாம். மேட்டித் துணியில் குறுக்குத் தையல் போட்ட மேசைவிரிப்புகள் நிச்சயம் வரும். ‘நல்வரவு’ என்று தைத்துக் கண்ணாடி போட்டவை, பூத்தையல் தலையணை உறைகள், மணி கோத்த வாசல் தோரணங்கள் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக நான் எதிர்பார்ப்பது பள்ளிக்கூடத்துத் தையல் மாதிரி நோட்டுகளை. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு கட்டாயமாக இருந்த பள்ளிகளிலும், தையல் லோயர், ஹையர் தேர்வு எழுதியவர்களிடமும், ஆசிரியப் பயிற்சி மாணவிகளிடமும் இந்த நோட்டுகள் இருந்தன. உள்ளங்கை அளவு காடாத்துணித் துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு தையல்: நூலோட்டம், ஹெம்மிங், காஜா, இழையெடுத்துக் கிழிசல் அடைப்பது, ஒட்டுப்போடுவது. ஒட்டுப்போடுவதற்குத் தனி மாதிரியே உண்டு. கிழிசலைச் சதுரமாக்கி, பூவோடு பூ, கோட்டோடு கோடு பொருந்தும்படி துண்டு வைத்தால்தான் மதிப்பெண்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பள்ளி, ஆண்டு எல்லாம் எழுதியிருக்கும். தமிழ்ப் பெண்களின் தையலில் தைத்தவரின் பெயரும் தேதியும் தவறாமல் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்பது என் எண்ணம். தையல் ஆசிரியை மதிப்பெண் போட வேண்டியிருந்ததால் எழுதச் சொன்னது, இன்று நமக்கு வரலாற்றுச் சான்றாகிறது. எந்தப் பள்ளியில் எந்த ஆண்டில் எந்தத் தையல் கற்பிக்கப்பட்டது, கன்னியாஸ்திரியின் கைமுறையா ஊர்த் தையற்காரரின் கைமுறையா, துணி மில் துணியா கைத்தறியா என்று அந்த மாதிரிகளிலிருந்தே சொல்ல முடியும். பரண் சுத்தம் செய்யும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போகிற பொருளும் அதுதான். ஆகவே அவசரம்.

சேர்த்த தகவலை எங்கே வைப்பது என்பது விளையாட்டான கேள்வி அல்ல. பிரிட்டிஷ் சங்கம் 2008-இல் யார்க் நகரில் குவில்ட் அருங்காட்சியகம் திறந்தது. 2015-இல் அதை மூட வேண்டிவந்தது. பொருளைச் சேர்த்து வைக்கக் கட்டடம், குளிர்சாதனம், ஆள்சம்பளம் என்று செலவு ஓயாது. படமும் பதிவு அட்டையும் அப்படியல்ல. ஓர் அலமாரியும் ஒரு கணினியும் போதும். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பெண்ணியல் துறை கே.கே. நகருக்குப் பக்கத்திலேயே காஜாமலை வளாகத்தில் இருக்கிறது. மாணவிகள் கேள்வி கேட்டு எழுதிக்கொள்ள, சங்கத்துப் பெண்கள் துணியைப் படிக்கச் சொல்லிக்கொடுக்க, ஒரு பருவத்துக்கான களப்பணியாக இதைச் செய்யலாம். தொம்பை தைக்கும் குடும்பங்களிடமும் இதே அட்டையோடு போகலாம்.

அட்டையில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. தைத்தவர் யார், யாரிடம் கற்றார், எப்போது தைத்தார், துணி எங்கிருந்து வந்தது, யார் பயன்படுத்தினார்கள், படத்தை வெளியிடலாமா. புதிதாகத் தைக்கிற ஒவ்வொரு போர்வைக்கும் பின்பக்கம் கீழ் மூலையில் இதன் சுருக்கத்தைத் தைத்துவிட வேண்டும். வெள்ளைப் பருத்தி நாடாவில் நூலால் எழுதுவது நல்லது. கண் பார்வை மங்கியவர்கள் துணிக்கான அழியா மையால் எழுதிக்கொள்ளலாம். எழுதிய நாடாவைப் பசையால் ஒட்ட வேண்டாம். பசை நாளாவட்டத்தில் பழுத்து விட்டுப்போகும், துணியையும் கறையாக்கும். நான்கு பக்கமும் மடித்து, அடித்துணியோடு நடு அடுக்கையும் ஊசி தொடும்படி தைத்துவிட்டால், போர்வை இருக்கிற வரைக்கும் அது இருக்கும்.